சூள் கொட்டிய நாற்காலி

உச்சி வேளை. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை… இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அதற்கென்ன ஷிப்டு போட்டா கொடுத்திருக்கிறார்கள்? இது பட்டப்பகலில் நடந்தது. நடந்தது முன்பின் தெரியாத யாருக்கோ அல்ல, நம் வெல்டரின் சகலைக்கு. வெல்டர் இதோ கதவோரம் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை பொய்யென்றாலும் அவர் நிறுத்தலாம். அந்தக் கதவை மட்டும் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். வெளியே உங்கள் வண்டிகளுக்கெல்லாம் சார்ஜ் ஏற இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் அந்தச் சகலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். எல்லாரும் வோல்டேஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். “நான் வோல்டேஜோட விளையாடறவன்” என்று வாய்க்கு வாய் அவரே சொல்லிக்கொண்டு திரிந்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம். விளையாடியதற்கு அத்தாட்சியும் உண்டு. இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். ஓடுகிற ஜெனரேட்டரின் பெல்ட்டுக்குள் கையை விட்டதில் மீதி போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு மறைத்துக்கொள்வான். இவர் அந்த அரை விரலை நீட்டி நீட்டித்தான் அடுத்தவனுக்குப் புத்தி சொல்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சூள் கொட்டுவது. யார் என்ன செய்தாலும் இவருக்கு அது மட்டம். கடைவாய்ப் பல் ஒன்று விழுந்து அந்த இடம் காலியாக இருந்ததால், சூள் கொட்டினால் கடைசியில் காற்று சன்னமாக விசிலடிக்கும்.

“ச்சு…ஸ்ஸ்.”

பெண்டாட்டி சமைத்தால் ச்சு…ஸ்ஸ். மெக்கானிக் நட்டு முறுக்கினால் ச்சு…ஸ்ஸ். டாக்டர் ஊசி போட்டால்கூட, போடத் தெரியவில்லை என்று ஒரு ச்சு…ஸ்ஸ். இப்படி ஒரு சத்தம் வேறு எந்த வாயிலிருந்தும் வராது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேதாவி ஓர் எலெக்ட்ரிக் பிக்கப் வண்டி வாங்கினார். வண்டியோடு ஷோரூமில் ஓர் அடாப்டரும் கொடுத்தார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை… ஸ்டேஷன் கேபிளின் தலை ஒரு வடிவம், வண்டியின் வாய் ஒரு வடிவம். இரண்டையும் சேர்த்து வைக்கிற கட்டை அது, கையில் எடுத்தால் செங்கல் கனம் கனக்கும். அதை எப்படி மாட்ட வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்று ஷோரூம் பெண் சொல்ல வந்தபோது இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட் கவரில் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருந்தார். “பொம்பளைங்களுக்குச் சொல்லும்மா, எனக்கெதுக்கு” என்றார். உடன் போயிருந்தது அவர் மனைவியும், மனைவியின் தங்கையும். தங்கைதான் வெல்டரின் மனைவி. அந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அந்தப் பெண் சொன்னதைச் சின்னவள் காது கொடுத்துக் கேட்டாள்.

வோல்டேஜுக்கு அந்த அடாப்டரைக் கண்டாலே ஆகவில்லை. சூட்டை அளக்கிற சமாச்சாரம் ஒன்று அதற்குள் இருக்கிறதாம். வெயில் நாளில் சூடு ஏறினால் அதுவே சார்ஜரைப் பார்த்து ‘மெதுவாகக் கொடு’ என்று சொல்லிவிடுமாம். “பயந்தாங்கொள்ளிச் சாமான்” என்று சொல்லி அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். பழைய சாமான் மார்க்கெட்டில் வேறு இரண்டு அடாப்டர்களை வாங்கினார். பேரும் இல்லை ஊரும் இல்லை. இரண்டில் எதுவும் தனியாக வண்டிக்குப் பொருந்தாது. ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகினால் பொருந்தும். அடாப்டருக்கே அடாப்டர்! எந்த முட்டாளும் செய்யத் தயங்குகிற வேலையைச் செய்துவிட்டு, வேகமாக ஏறுகிறது பார் என்று மார் தட்டிக்கொண்டார்.

இனி சின்னவள் விஷயம். வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைத் தூர் எடுத்துக் குளமாக்கி மீன் வளர்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு வருஷம் மண்ணோடு மல்லுக்கட்டினாள். கைகளைப் பார்த்தால் மண்வெட்டி பிடித்த காய்ப்பு தெரியும். குளம் நிறைந்தது. மீன் குஞ்சுகளைத் தொலைவில் இருக்கிற பண்ணையிலிருந்து கொண்டுவர வேண்டும், வழி முழுக்கத் தண்ணீருக்குள் காற்று அடித்துக்கொண்டே வர வேண்டும். பின்பக்கம் பிளக் பாயின்ட் இருக்கிற வண்டி சொந்தத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்று சொல்லவா வேண்டும்? வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றாள். அவர் கேட்டுவிட்டு, கொசு சைஸில் இருப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ஒரு ச்சு…ஸ்ஸ் கொட்டி, சரி என்றார்.

போகும்போது ஒன்றுமில்லை. பண்ணையில் நீலத் தொட்டிகளில் குஞ்சுகளை இறக்கி, பிக்கப்பின் பின்னால் ஏற்றி, ஏர் பம்பை அங்கேயே பிளக்கில் மாட்டினார்கள். குமிழ் குமிழாகக் காற்று போனது. திரும்புகிற வழியில் டவுனுக்குள்ளேயே நல்ல ஸ்டேஷன் ஒன்று இருந்தது. அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று சின்னவள் சொன்னாள். மீன்காரியெல்லாம் எனக்கு யோசனை சொல்கிற காலமாகிவிட்டது என்று சிரித்துவிட்டு, மனிதர் ஏசியை முழுசாகத் திருகி, வண்டியை விரட்டினார்.

பொட்டலுக்கு நடுவில் வண்டி ‘டிங்’ என்றது. சார்ஜ் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. தான் நிற்காமல் இருக்க வேண்டுமே என்று வண்டி முதலில் பின்பக்கப் பிளக்கை நிறுத்தியது. பம்பின் சத்தம்… விர்ர்ர் என்று இருந்தது… நின்றுவிட்டது.

சின்னவள் ஓடுகிற வண்டியிலேயே இறங்கிவிடுவாள் போல் இருந்தது. அவர் நிறுத்தியதும் பின்னால் ஏறி, மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். ஆனால் எவ்வளவு நேரம் ஊற்ற முடியும்? தொட்டிக்குள் குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கியிருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு வண்டிக்குச் சார்ஜ் ஏற வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

மெல்ல உருட்டிக்கொண்டு போனதில் ஒரு ஸ்டேஷன் வந்தது. ஸ்டேஷன் என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரு தகரக் கூரை. அதற்குக் கீழே இரண்டு சார்ஜர்கள். ஒன்றைச் சாக்கால் மூடிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அதன் அடியில் சிமெண்டுத் தரை கருப்பாக இருந்தது. எண்ணெய்க் கறை அல்ல… கருகிய கருப்பு. காவலுக்கு ஆள் இல்லை. கூரையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு, பொட்டலைப் பார்த்துக் கிடந்தது. அதன் வலது கைப்பிடி உருகித் தொங்கிப்போய் இருந்தது.

வோல்டேஜ் இறங்கினார். அவசரம் என்று வந்தால்தானே மேதாவித்தனம் பொங்கும். கேபிளில்தான் முதலில் அடாப்டரை மாட்ட வேண்டும், அப்புறம் சேர்த்து வண்டியில் செருக வேண்டும். இவர் என்ன செய்தார்? இரண்டு அடாப்டர்களையும் ஒன்றுக்குள் ஒன்று திணித்து, நேராக வண்டியின் வாயில் செருகிவிட்டு, தாகமாக இருக்கிறதென்று பாட்டிலை அண்ணாந்து குடித்தார்.

“ச்சு…ஸ்ஸ்.”

சின்னவள் ஊற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். பாட்டில் அவர் வாயில் இருந்தது. தொண்டை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் பாட்டிலை எடுத்தார். “என்னைப் பார்த்தா சூள் கொட்டற?”

“நான் கொட்டல மாமா.”

“பின்ன, நானா கொட்டினேன்?”

அவள் மறுபடியும் மக்கில் மொண்டாள். அது அவருடைய சூள்தான். அந்த விசில், அந்த இளக்காரம்… எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள்.

வோல்டேஜ் கேபிளைத் தரதரவென்று இழுத்தார். தொட்டியிலிருந்து சிந்திய தண்ணீர் கீழே குட்டையாகத் தேங்கியிருந்தது. கேபிளின் தலை பட்டென்று அதற்குள் விழுந்தது. எடுத்து உதறி, சட்டை நுனியால் ஒரு துடை துடைத்து, அடாப்டருக்குள் அழுத்தினார். ஈரம் போயிற்றா என்று உள்ளே பார்க்கக்கூட இல்லை.

“ச்சு…ஸ்ஸ்.”

இந்த முறை பக்கத்தில் கேட்டது. சின்னவள் நாற்காலியைப் பார்த்தாள். பொட்டலைப் பார்த்துக் கிடந்த நாற்காலி… இப்போது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இலை அசைகிற காற்றுகூட இல்லை. அசைவதற்கு அங்கே இலையும் இல்லை.

சார்ஜர் உறுமியது. திரையில் எண் ஏறத் தொடங்கியது. வோல்டேஜ் அரை விரல் கையில் பாட்டிலைப் பிடித்தபடி, இதற்குத்தானா இந்தப் பாடு என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்தார். பம்புக்கு இன்னும் உயிர் வரவில்லை. அவள் மக்கைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிக்கொண்டிருந்தது.

அப்போது வாசனை வந்தது. மீன் கவிச்சியை மீறிக்கொண்டு… பிளாஸ்டிக் வேகிற வாசனை. அதற்கு அடியில் முடி பொசுங்குகிற மாதிரி இன்னொரு வாசனை.

“மாமா, கருகுது.”

அதெல்லாம் வெயில் வாசனை என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அடாப்டர்களும் சேருகிற இடத்திலிருந்து ‘கிர்ர்ர்… கிர்ர்…’ என்று ஒரு சத்தம். மெல்லிசாகப் புகை. அவளை அறியாமல் கண் நாற்காலிப் பக்கம் போனது. அது நேராக இவர்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காலியாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் வளையுமே, அப்படி அதன் முன்கால்கள் வளைந்திருந்தன.

அந்த நேரத்தில் ஒரு குழந்தைகூட என்ன செய்யும்? சார்ஜரில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கும். மின்சாரம் நின்ற பிறகு கழற்றும். நம் ஆள் வோல்டேஜோடு விளையாடுகிறவராயிற்றே! வலது கையை நீட்டினார். ஓடுகிற கரண்டில் அப்படியே பிடுங்கிவிடலாம் என்று நீட்டினார். பிடுங்கியிருந்தால் தீப்பொறி கையோடு நின்றிருக்காது. இன்றைக்கு மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருப்பார், அதிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

கை அடாப்டரைத் தொடவில்லை. நடுவில் நின்றது.

“விடு” என்றார்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கையை விடுன்னு சொல்றேன்ல.”

“நான் இங்க இருக்கேன் மாமா.”

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அவள் வண்டிக்கு மேலே, முழங்கை வரை தண்ணீருக்குள். அவருடைய இடது கையில் பாட்டில். வலது கை மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி அந்தரத்தில் வெடவெடவென்று நடுங்கியது. மணிக்கட்டில் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. விரல் விரலாக அமுங்கியிருந்தது.

சின்னவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக ஓர் ஆத்திரம் வந்தது. இந்த ஒரு மனுஷனுடைய திமிருக்கு என் ஒரு வருஷம் செத்து மிதக்கப் போகிறதா? எகிறிக் குதித்தாள். சார்ஜருக்கு ஓடினாள். சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினாள்.

உறுமல் நின்றது. ‘டக்’ என்று வண்டி, தன் வாயில் அடாப்டரைப் பிடித்திருந்த பூட்டை விட்டது. அதே நொடியில் வோல்டேஜின் கை தொப்பென்று விழுந்தது. அப்புறம்தான் பாட்டிலும் விழுந்தது.

ஆறட்டும் என்றாள் சின்னவள். சூடாக இருக்கிறதைத் தொடக்கூடாது. ஆறுகிற வரைக்கும் மக்கை எடுத்து ஊற்றுங்கள் என்று அவரிடம் நீட்டினாள். உலகத்திலேயே யார் சொன்னதையும் கேட்காத மனிதர், வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறி, கொசு சைஸ் மீன்களுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். வெல்டர் இந்த இடம் வந்தால் எப்போதும் டீ புரையேறச் சிரிப்பார். இன்றைக்கு ஏனோ சிரிக்கவில்லை.

ஆறியதும் கேபிளையும் அடாப்டர்களையும் சேர்த்தே வண்டியிலிருந்து இழுத்தாள். அப்புறம் கேபிளிலிருந்து கழற்றினாள். இரண்டு அடாப்டர்களும் உருகி ஒரே கட்டியாகியிருந்தன. தூர வைத்தாள். வண்டியின் வாயைக் குனிந்து பார்த்தாள், கருகல் இல்லை. கேபிளின் தலையை உலர்ந்த துணியால் ஒற்றி, வெயிலில் காட்டி, உள்ளே துளி ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு, சீட்டுக்கு அடியிலிருந்த ‘பயந்தாங்கொள்ளிச் சாமானை’ எடுத்தாள். விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேபிளில் வைத்து அழுத்தினாள். ‘க்ளிக்.’ அப்புறம் இரண்டு கையாலும் தூக்கினாள்.

கேபிளும் அடாப்டருமாக நல்ல கனம். ஒற்றை ஆளாகத் தூக்க அவளுக்கு முதுகு வளைய வேண்டும். வளையவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்துக்கொடுக்கிற மாதிரி இலேசாக வந்தது. வண்டிக்குள் போய் நச்சென்று உட்கார்ந்தது. சூள் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. எங்கும் ஒரு சத்தமும் இல்லை… சார்ஜரை மறுபடி ஓடவிட்டாள். கொஞ்சம் ஏறியதும் விர்ர்ர் என்று பம்பு ஓட ஆரம்பித்தது. தொட்டிக்குள் குமிழ் வந்ததும் அவள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

போதுமான அளவு ஏறியது. நிறுத்தி, கழற்றி, கேபிளை அதன் இடத்தில் தொங்கவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஓட்டப்போகிறவளும் அவள்தான். வோல்டேஜ் பக்கத்து சீட்டில் மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி இருந்தார். வண்டியைக் கிளப்பப் போனாள்.

“ச்சு…ஸ்ஸ்.”

பக்கத்தில் பார்த்தாள். அவர் உதடு இறுக மூடியிருந்தது. சத்தம் வெளியே இருந்து, கூரைக்குக் கீழே இருந்து வந்தது. எட்டிப் பார்த்தாள்… அவசரத்தில் அடாப்டரைக் கேபிளின் தலையிலேயே விட்டிருந்தாள். உங்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான், வெட்கமே இல்லாமல் தலையாட்டுகிறீர்கள். பேய்க்குப் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தச் சூளுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இருந்தது. இறங்கிப் போய்க் கழற்றினாள். நாற்காலியைப் பார்த்து, “எடுத்துட்டேன் மாமா” என்றாள். சொன்ன பிறகுதான் யாரை மாமா என்று சொன்னோம் என்று உடம்பெல்லாம் புல்லரித்தது. நாற்காலி பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு பொட்டலைப் பார்த்துக் கிடந்தது.

குஞ்சுகளில் கொஞ்சம் செத்து மிதந்தன. மீதியெல்லாம் குளத்தில் இறங்கின. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கையளவு மீன் துள்ளுகிறது.

வோல்டேஜ் அன்றிலிருந்து சூள் கொட்டுவதில்லை. திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள், அவர் அந்த ரகம் இல்லை. இளக்காரம் அப்படியே இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் உதடு கோணும், நாக்கு மேலே போய் ஒட்டும், பிரியும். சத்தம் மட்டும் வராது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்கும் அவர் சூள் கொட்டத்தான் பார்த்தார்.

இன்னொன்று. எந்த வெயிலிலும் இப்போது முழுக்கைச் சட்டைதான். அன்று சாயங்காலம் குளத்தங்கரையில் சின்னவள் அவர் மணிக்கட்டுக்கு மருந்து போட்டாள். அப்போது நம் வெல்டரும் பக்கத்தில் இருந்தார். பேய் பிசாசு என்றால் காரித் துப்புகிற மனுஷன். யாரோ பிடித்த தடம் என்று அவள் காட்டியபோதுகூட, கேபிள் அழுத்தியிருக்கும் என்றுதான் சொன்னார். அப்புறம் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

என்ன பார்த்தீர்கள் என்று இவ்வளவு நாளாகக் கேட்டும் அவர் சொன்னதில்லை. வெல்டரே, இன்றைக்காவது சொல்லுங்கள்.

வெல்டர் டம்ளரைக் கீழே வைத்தார். தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் காட்டினார்.

“இப்படித்தான் பதிஞ்சிருந்துச்சு. கட்டைவிரல் இங்க. மத்த மூணு விரல் முழுசா இருந்துச்சு. சுண்டுவிரல்…” என்றவர், தன் சுண்டுவிரலை நடுவில் மடக்கிக் காட்டினார், “சுண்டுவிரல் பாதிதான்.”